பரிசோதனை வேண்டாத எட்மண்ட்

நீலகிரியில் பிக்கட்டிக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டேட் ஃபாக்டரியில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர் எட்மண்ட். இலை வாடுவதிலிருந்து தூள் மூட்டையில் ஏறுவது வரை அங்கே அவர் வைத்ததுதான் சட்டம். காலையில் மேசை மேல் வரிசையாகக் கோப்பைகளில் டீயை ஊற்றி வைப்பார்கள். ஒவ்வொன்றையும் கரண்டியில் எடுத்து, சத்தம் வர உறிஞ்சி, நாக்கில் உருட்டி, பக்கத்துத் தொட்டியில் துப்புவார். நல்ல டீயாக இருந்தாலும் துப்பத்தான் வேண்டும், அது தொழில். ஆனால் மட்டமான டீயை அவர் துப்புகிற சத்தமே வேறு. அதைக் கேட்டதும் மெஷின் பக்கம் நிற்கிற ஆட்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

ஓய்வுக்குப் பிறகு குன்னூர் ஓட்டுப்பட்டறையில் குடிவந்தபோது கோப்பைகள் ஃபாக்டரியோடு நின்றுவிட்டன. துப்புகிற பழக்கம் மட்டும் கூடவே வந்தது. பக்கத்து வீட்டுக்காரன் சுவருக்கு அடித்த ஊதா வண்ணம், சீசனுக்கு வந்து சாக்லேட் கடையில் கூட்டமாக நின்று படம் எடுத்துக்கொள்கிற சமவெளிக்காரர்கள், வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் அனுப்புகிற பழைய எஸ்டேட் கிளார்க்குகள், பிரசங்கத்தின் நடுவில் திரையில் பூப்படம் காட்டுகிற புதுப் போதகர் என்று யாரையும் அவர் விடவில்லை. வாயால் துப்பவில்லை, அவ்வளவுதான். முகம் அந்த வேலையைச் செய்தது.

டாக்டர்கள் மேல் அவருக்கு இருந்தது வேறு விதமான வெறுப்பு. மனைவி லோயிஸ் நன்றாகத்தான் இருந்தாள். சர்ச் பெண்கள் சங்கத்தில் இலவச முகாம் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், இன்னொரு ஸ்கேனுக்குக் கோயம்புத்தூர் அனுப்பினார்கள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவள் இல்லை. நோய் முன்பே உள்ளே இருந்தது, முகாம் அதைக் கொண்டுவந்து வைக்கவில்லை என்று மகள் கெஸியா எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். எட்மண்ட் கேட்டுக்கொண்டதில்லை. தேடாதவரை எதுவும் கிடைக்காது என்பது அவர் கட்சி. அன்றிலிருந்து தன் உடம்பில் ஒரு ஊசி இறங்க அவர் விடவில்லை. முழங்கால் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தானே மாத்திரை வாங்கி, காலையும் மாலையும் போட்டுக்கொண்டார். வயிறு எரிந்தால் அதற்கு ஒரு பாட்டில் மருந்து.

நெஞ்சு விஷயத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. வேலையில் இருந்த கடைசி வருஷமே அது ஆரம்பித்துவிட்டது. இலை வாட்டும் மாடிக்கு ஏறும்போது நெஞ்சுக்கு நடுவில் யாரோ முழங்கையை வைத்து அழுத்துவது போல் இருக்கும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மெஷின் சத்தத்தைக் கவனிப்பவரைப் போல நிற்பார். அழுத்தம் விடும், மேலே ஏறுவார். வாயு என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டார். அது வாயு இல்லை என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

கெஸியா கோயம்புத்தூரில் ஒரு மில் அலுவலகத்தில் கணக்குப் பார்த்தாள். எஸ்டேட்டில் இருந்தவரை எஸ்டேட் ஆஸ்பத்திரி இருந்தது, இனிமேல் என்ன செய்வீர்கள் என்பதுதான் ஞாயிற்றுக்கிழமை போனில் அவளுடைய முதல் கேள்வி.

"அப்பா, எங்க கம்பெனி பாலிசில உங்களச் சேர்க்க முடியாதுன்னுட்டாங்க. நீங்களே ஒண்ணு போட்டுக்கங்க. நான் கட்டறேன்."

"போடலாம். ரத்தம் எடுக்கறேன், நெஞ்சுல வயரை ஒட்டறேன்னு எவனும் வரக்கூடாது."

"எடுத்தாத்தான் என்னங்கப்பா?"

"அது எனக்கு ஆகாது. டெஸ்ட் இல்லாத பாலிசி இருந்தாச் சொல்லு."

அரசு காப்பீட்டு அட்டைக்கு அவருடைய வரவு அதிகம் என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே பரிசோதனை கேட்காத தனியார் பாலிசி ஒன்றைத் தேடி எட்மண்ட் புறப்பட்டார். போனில் ஒரு தடவை தேடியதும் விளம்பரங்கள் அவரைப் பிடித்துக்கொண்டன. டெஸ்ட் வேண்டாம், அலைச்சல் வேண்டாம், சோபாவில் உட்கார்ந்தபடியே காப்பீடு! நரைத்த தலையும் வெள்ளைப் பல்லுமாக ஒரு தம்பதி கடற்கரையில் ஓடிக்கொண்டிருந்தார்கள். வயதானவர்களை இப்படி ஓடவிட்டுப் படம் எடுக்கிறவனுக்கு முதலில் பரிசோதனை தேவை என்று எட்மண்ட் நினைத்தார். நினைத்துக்கொண்டே தன் நம்பரையும் அதில் தட்டினார்.

அவ்வளவுதான். குளிக்கும்போது, சாப்பிடும்போது, ஜெபத்தின் நடுவில் என்று போன் அடித்தது. சென்னையிலிருந்து பேசிய ஒரு பெண் ரொம்பவும் இனிமையாக இருந்தாள்.

"இந்த பிளான்ல உங்களுக்கு எந்த மெடிக்கல் டெஸ்ட்டும் கிடையாது சார். எழுபது வயசு வரைக்கும் எடுத்துக்கலாம்."

எட்மண்டுக்குச் சந்தேகம் வந்தது. அவ்வளவு இனிப்பை அவர் எந்தப் பொருளிலும் நம்புவதில்லை.

"எதுக்கெல்லாம் பணம் குடுப்பீங்க?"

"விபத்துக்கு சார். கீழே விழுந்தா, வண்டி மோதினா..."

"எங்க ஊர்ல வண்டியவிடக் காட்டெருமை அதிகம்மா. அது முட்டினா?"

அவள் ஒரு நிமிஷம் இருங்கள் என்று சொல்லி, மேலே யாரிடமோ கேட்டுவிட்டு வந்தாள்.

"முட்டினா உண்டு சார்."

"மாரடைப்பு வந்தா?"

"அது நோய் சார். நோய்க்கு இந்த பிளான்ல வராது."

"அப்ப மாரடைப்பு வந்தா நான் ரோட்டுக்குப் போய் காட்டெருமையத் தேடணும். அப்படித்தானே?"

"உங்க கருத்துக்கு நன்றி சார்," என்றாள் அந்தப் பெண், எழுதி வைத்ததைப் படிப்பவளைப் போல. எட்மண்ட் போனை மெத்தையின் மேல் எறிந்தார். இதற்குப் பெயர் சுகாதாரக் காப்பீடு! நீலகிரியில் எவன் நோயில்லாமல் மாடு முட்டிச் சாகிறானோ அவனுக்காக சென்னையில் ஒரு கம்பெனி காத்துக்கொண்டிருக்கிறது.

அடுத்து வந்தவன் பெனிஸ். ஒரு காலத்தில் சர்ச் பாடகர் குழுவில் கிட்டார் வாசித்தவன். பிறகு செல்போன் கடை வைத்தான், அதை மூடினான், டூரிஸ்ட் டாக்சி ஓட்டினான், அதையும் விற்றான். இப்போது தோல் பையும் பளபளக்கும் ஷூவுமாகக் காப்பீட்டு ஏஜென்ட். எட்மண்டின் கணக்கில் இவன் எந்தக் கிரேடிலும் சேராத கழிவுத் தூள். ஆனால் அவன் சொன்ன முதல் வார்த்தையிலேயே அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மெடிக்கலே வேண்டாம் அங்கிள். எல்லா வியாதிக்கும் உண்டு. நான் ஃபோன்லயே முடிச்சுத் தர்றேன். ஓடிபி வந்தாச் சொல்லுங்க, போதும்."

பெனிஸ் பெயர், வயது, விலாசம் தட்டினான். பிறகு அவனுடைய கட்டை விரல் திரையில் படபடவென்று கீழே இறங்கியது. எட்மண்ட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார். சர்க்கரை உண்டா, இல்லை. ரத்த அழுத்தம் உண்டா, இல்லை. எப்போதாவது நெஞ்சு வலி வந்திருக்கிறதா, இல்லை. தொடர்ந்து ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா, இல்லை.

"நில்லு. என்னைய ஒண்ணுமே கேக்கலையே நீ?"

"கேட்டா நீங்க சொல்லிடுவீங்களே அங்கிள்," என்று சிரித்தான் பெனிஸ். "ஏதாவது ஒண்ணுக்கு ஆமான்னு போட்டா கம்பெனிக்காரன் மெடிக்கல் கேப்பான். எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டா நேரா பாலிசி. அதுதான் நோ மெடிக்கல்."

"நாளைக்கு ஆஸ்பத்திரில படுத்தா? அவன் தோண்டிப் பாக்க மாட்டானா?"

"அதெல்லாம் அப்பப் பாத்துக்கலாம் அங்கிள். ஆண்டவர் பெரியவர்."

எட்மண்டுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு மூட்டையில்கூட கிரேடை மாற்றி எழுதியதில்லை அவர். மேனேஜரே கேட்டும் எழுதியதில்லை. கேள்வியைக் கேட்காமலே பதிலை எழுதுகிற இந்தப் பயல், தன் பொய்க்கு ஆண்டவரையும் சாட்சிக்குக் கூப்பிடுகிறான்!

"எந்திரி," என்றார். "உன்ற பையையும் பொய்யையும் எடுத்துக்கிட்டு வெளிய போ. கேட்டைச் சாத்திட்டுப் போ."

பெனிஸ் கோபப்படவில்லை. போகிற போக்கில் ஒரு காலண்டரை மேசை மேல் வைத்துவிட்டுப் போனான். அதுவும் எட்மண்டுக்கு அசிங்கமாக இருந்தது. திட்டினால் உறைக்கக்கூடத் தெரியாத ஜன்மம். இரண்டு நாள் அந்தக் கதையைக் காய்கறிக் கடையிலும் சலூனிலும் சொல்லித் தீர்த்தார். ஒன்றை மட்டும் அவர் எங்கும் சொல்லவில்லை. பெனிஸ் கேட்டிருந்தால் தான் என்ன பதில் சொல்லியிருப்போம் என்பதை அவர் தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

வழி கடைசியில் சர்ச்சிலிருந்து வந்தது. ஆராதனை முடிவில் அறிவிப்பு வாசித்தார்கள். ஆண்கள் ஐக்கிய சங்க உறுப்பினர்களுக்குக் குழுக் காப்பீடு, மருத்துவப் பரிசோதனை இல்லை, சேர விரும்புகிறவர்கள் செயலாளர் தனசிங்கைப் பார்க்கவும். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த எட்மண்ட் நிமிர்ந்தார். தனசிங் பெயரைக் கேட்டதும் மறுபடி சரிந்தார்.

தனசிங் வெலிங்டனில் ராணுவ அலுவலகம் ஒன்றில் சிவிலியன் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் காரியத்தையும் இழை இழையாகப் பிரித்துச் சொல்கிற மனிதர். ஜெபம் செய்தாலும் இலாகாவுக்கு விண்ணப்பம் எழுதுவது போலத்தான் இருக்கும். முந்தின வருஷம் சர்ச்சில் நடந்த அறுப்பின் பண்டிகைக்கு டீ ஏற்பாடு அவருடையது. அவர் மனைவி தபித்தாள் அடுப்பில் நின்று அத்தனை பேருக்கும் டீ போட்டிருந்தாள். எட்மண்ட் ஒரு வாய் உறிஞ்சினார். பிஷப்பின் பிரதிநிதி, போதகர், சபையார் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, பழைய ஃபாக்டரிச் சத்தத்தோடு புல்தரையில் துப்பினார்.

"இது டீ இல்லை. தோல் ஊறவெச்ச தண்ணி," என்றார்.

தபித்தாள் அழுதுவிட்டாள். மன்னிப்புக் கேளுங்கள் என்று சங்கத்தில் சொன்னார்கள். உண்மைக்கு மன்னிப்புக் கேட்கிற வழக்கம் தனக்கு இல்லை என்று சொல்லி எட்மண்ட் சங்கத்தைவிட்டு வெளியே வந்தார். அதன் பிறகு ஆராதனை முடிந்ததும் யாரிடமும் பேசாமல் படியிறங்கிவிடுவார்.

இப்போது அந்த வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். ஒரு வாரம் தள்ளிப்போட்டார். ஒரு நாள் மார்க்கெட்டிலிருந்து ஏறும்போது முழங்கை மறுபடி நெஞ்சில் அழுத்தியது. மறுநாளே வெலிங்டனுக்கு பஸ் ஏறிவிட்டார்.

தனசிங் கதவைத் திறந்தார். முகத்தில் ஆச்சரியமும் இல்லை, கர்வமும் இல்லை. அதுவே எட்மண்டுக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு மனிதன் ஜெயித்தால் கொஞ்சமாவது இளிக்க வேண்டாமா?

"வாங்கண்ணே, வாங்க. உக்காருங்க. தபித்தா, அண்ணன் வந்திருக்காரு பாரு."

தபித்தாள் வந்தாள், வாங்க என்றாள், உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் டீ வந்தது. அதே தண்ணீர்தான். எட்மண்ட் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு, உலகத்தில் தான் செய்த பாவங்களை எல்லாம் நினைத்துக்கொண்டு ஒரு வாய் விழுங்கினார். தபித்தாள் வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது வாயும் விழுங்கினார்.

"டெஸ்ட் ஒண்ணும் கிடையாதுதானுங்களே?" என்று கேட்டார்.

"கிடையாதுங்கண்ணே. இது தனி ஆளுக்குக் குடுக்கற பாலிசி இல்லீங்க. சங்கம் முழுக்கச் சேத்து ஒரே பாலிசி. அதோட முறை என்னன்னு நான் தெளிவாச் சொல்லிடறேன்..."

தனசிங் சொல்ல ஆரம்பித்தார். முதலில் சங்கம் எப்படி இந்த யோசனைக்கு வந்தது என்பது. பிறகு எத்தனை கம்பெனிகளுக்கு எழுதினார்கள் என்பது. எட்மண்ட் காதை மூடிக்கொண்டார், கண்ணைத் திறந்துகொண்டார். சுவரில் ஒரு பிளாஸ்டிக் ரோஜாக் கொத்து. டிவி மேல் விரித்த குரோஷா துணி. ஓய்வு பெற்ற நாளில் வாங்கிய கேடயம், அதற்குப் பக்கத்திலேயே அது பத்திரமாக வந்த அட்டைப் பெட்டி. இந்த மனிதனுக்கு இதில் எத்தனை கமிஷன் இருக்கும் என்று யோசித்தார். இத்தனைக்கும் தனசிங்குக்கு மத்திய அரசு மருத்துவ வசதி இருந்தது, இந்தப் பாலிசியில் அவர் சேரவே இல்லை. அடுத்தவனுக்காக வேலை மெனக்கெடுகிறவனை எட்மண்டால் எந்தக் கோப்பையிலும் ஊற்றிப் பார்க்க முடியவில்லை. ஆகவே கமிஷன் என்றே முடிவு செய்தார்.

"...அப்புறம் முக்கியமான விஷயமுங்கண்ணே. ஏற்கெனவே இருக்கற வியாதிங்களப் பத்தி..."

எட்மண்ட் சட்டென்று எழுந்துவிட்டார்.

"எனக்கு வியாதியே கிடையாதுங்க. எங்க கையெழுத்துப் போடணும்?"

"அது இல்லீங்கண்ணே, நான் சொல்ல வந்தது..."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு."

சங்கத்தில் மறுபடி சேருகிற படிவத்திலும் பாலிசிப் படிவத்திலும் தனசிங் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். மீதி டீயை ஒரே மடக்கில் குடித்தார். வெளியே வந்து வெலிங்டன் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் போய்க் காறித் துப்பினார். அந்த மாதமே அவர் பெயர் போட்ட அட்டை வந்தது. அட்டையின் பின்பக்கம் அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய நம்பர் என்று தனசிங்கின் நம்பர் அச்சாகியிருந்தது. கெஸியா போனிலேயே அழுகிற மாதிரி சந்தோஷப்பட்டாள். எட்மண்ட் அட்டையைப் பர்ஸில் செருகிக்கொண்டார். ஏற்கெனவே இருக்கிற வியாதிக்குப் பணம் கிடையாது என்பதைத்தான் அந்த கிளார்க் இழுத்து இழுத்துச் சொல்ல வந்தான், அது தனக்குத் தெரியாதா என்று நினைத்தார். சொல்லாதவரை அந்த வியாதி கிடையாது. நெஞ்சுக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம் அது.

மழைக்காலம் முடிந்து வெயில் தலைகாட்டிய ஒரு காலை. எட்மண்ட் மார்க்கெட்டில் கேரட்டும் பீன்ஸும் வாங்கிக்கொண்டு, கடைக்காரி கொசுறாகப் போட்ட கொத்தமல்லி வாடியிருந்தது என்று திட்டிவிட்டு, மேலே போகிற படிகளில் ஏறினார். பாதி வழியில் அழுத்தியது. நின்றார். வழக்கம்போல விடவில்லை. இடது கை கனத்தது, தாடை இறுகியது, சட்டை முழுக்க வேர்வை. பை கையிலிருந்து நழுவி, கேரட்டுகள் படி படியாக உருண்டு போவதைப் பார்த்தபடியே உட்கார்ந்தார். யாரோ ஓடி வந்தார்கள். இரண்டு பேர் தூக்கி ஆட்டோவில் வைத்தார்கள். அதில் ஒருவன் அவர் பர்ஸைத் திறந்து, அட்டையைப் பார்த்து, அந்த நம்பருக்குக் கூப்பிட்டான்.

குன்னூரிலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரி. இத்தனை வருஷம் வேண்டாமென்று தள்ளி வைத்திருந்த வயர்களை எல்லாம் ஒரே நிமிஷத்தில் அவர் நெஞ்சில் ஒட்டினார்கள். காகிதம் ஓடி வந்தது. ஜீவிதா என்ற இளம் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு அவர் பக்கத்தில் குனிந்தாள்.

"ஐயா, இது ஹார்ட் அட்டாக். ரத்தக் கட்டியக் கரைக்கற ஊசி ஒண்ணு இருக்கு. இங்கயே போட்டுட்டுக் கோயம்புத்தூர் அனுப்பறேன். போடறதுக்கு முன்னாடி சில கேள்வி கேக்கணும். நெஞ்சு வலி முன்னாடி வந்திருக்குங்களா?"

"இல்ல," என்றார் எட்மண்ட்.

"வலி மாத்திரை, வேற மாத்திரை ஏதாவது தொடர்ந்து சாப்பிடறீங்களா?"

"இல்ல."

"வயித்துல புண்ணு? மலம் கருப்பாப் போனதுண்டா?"

போன வாரம் மூன்று நாள் தார் மாதிரி போயிருந்தது.

"இல்ல," என்றார்.

ஜீவிதா நர்ஸைப் பார்த்துத் தலையசைத்தாள். நர்ஸ் ஊசி மருந்தை எடுக்கப் போனாள். எட்மண்ட் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். இல்லை, இல்லை, இல்லை. கேட்பதற்குள் வாய் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டது! பெனிஸின் கட்டை விரல்கூட இவ்வளவு வேகமாக இறங்கவில்லை. அந்தப் பயலாவது இன்னொருவன் உடம்பைப் பற்றித் தெரியாமல் பொய் சொன்னான், அதில் வயிறு வளர்த்தான். இங்கே ஒருவன் தன் உடம்பைப் பற்றித் தெரிந்தே, தனக்கே ஊசி குத்தப் போகிறவளிடம் பொய் சொல்கிறான். இதுவரை எத்தனை பேரை எட்மண்ட் மட்டம் என்று தள்ளியிருப்பார்! இந்த மாதிரி ஒரு சரக்கை அவர் கண்டதே இல்லை. குமட்டியது. மாரடைப்பின் குமட்டல் மட்டும் இல்லை அது.

உண்மையைச் சொன்னால் அட்டை போய்விடும். போகட்டும், என்ன எழவுக்கு அது?

"டாக்டரம்மா," என்றார். நர்ஸ் ஊசியோடு வந்துவிட்டாள். எட்மண்ட் அவள் கையைப் பிடித்தார். "நிறுத்துங்க. நான் சொன்னது அத்தனையும் பொய்ங்க."

ஜீவிதா திரும்பினாள்.

"நெஞ்சு வலி ரெண்டு மூணு வருஷமா இருக்கு. முழங்காலுக்கு தினம் மாத்திரை போடறேன், நானா வாங்கி. போன வாரம் கருப்பாப் போச்சு. தார் மாதிரி."

ஜீவிதா அதையெல்லாம் கேஸ் காகிதத்தில் குறித்துக்கொண்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவள் திட்டவில்லை.

"ஊசி வேண்டாம், எடுத்து வைங்க," என்று நர்ஸிடம் சொன்னாள். பிறகு அவரிடம், "உள்ள ரத்தக் கசிவு இருக்கும்போது அந்த ஊசியப் போட்டிருந்தா வயித்துலயே ரத்தம் கொட்டியிருக்கும், என்னால நிறுத்தியிருக்க முடியாது. நேரா கோயம்புத்தூர் போயி அடைப்ப பலூன் வெச்சு எடுக்கணும். ஆம்புலன்ஸ் வருதுங்க," என்றாள்.

ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தப் போகும்போது மூச்சிரைக்க ஒருவர் உள்ளே ஏறினார். தனசிங். ஸ்வெட்டரைத் திருப்பிப் போட்டிருந்தார், காலில் வீட்டுச் செருப்பு. கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி சாய்ந்து இறங்கியது. தனசிங் ஒரு கையால் கம்பியையும் இன்னொரு கையால் எட்மண்டின் காலையும் பிடித்துக்கொண்டார். பர்லியார் தாண்டியதும் காற்றில் வெப்பம் ஏறியது. எட்மண்ட் முகத்து மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கினார்.

"தனசிங், உங்க பாலிசி எனக்குச் செல்லாதுங்க. பழைய வலி உண்டுன்னு டாக்டர்கிட்டச் சொல்லிட்டேன். எழுதிக்கிட்டாங்க."

தனசிங்குக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், அவருடைய வாழ்க்கையிலேயே முதல் தடவையாகச் சுருக்கமாகப் பேசினார்.

"செல்லுமுங்கண்ணே. குரூப் பாலிசிங்க இது. பழைய வியாதிக்கும் முத நாள்லருந்தே உண்டு. அதுக்காகத்தானே அத்தனை கம்பெனிக்கு எழுதிப் போட்டோம்."

"அப்படின்னு நீங்க ஏன் சொல்லலை?"

"அன்னைக்கு ஊட்டுல அதைத்தானுங்களே சொல்ல வந்தேன். நீங்கதான் வியாதியே கிடையாது, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எந்திரிச்சுப் போயிட்டீங்க."

எட்மண்ட் மாஸ்க்கை மறுபடி முகத்தில் விட்டுக்கொண்டார். உள்ளே என்ன சொன்னார் என்பது யாருக்கும் கேட்கவில்லை. யாரைத் திட்டுவது என்று அவருக்கே தெரியவில்லை. கூடத்தில் பிளாஸ்டிக் ரோஜாவை எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் காதைக் கொடுத்திருந்தால், குன்னூர்க் கட்டிலில் அந்த மூன்று பொய்யும் தேவைப்பட்டிருக்காது. சாவு இரண்டு விரற்கடை தூரம் வந்துவிட்டுப் போனது, ஒரு கிளார்க்கின் பேச்சு நீளமாக இருந்ததால்! இல்லை, அதனாலும் இல்லை. தனசிங் மேட்டுப்பாளையம் வரும்வரை கண்ணை மூடிக்கொண்டு ஜெபித்தார். எட்மண்ட் தடுக்கவில்லை.

கோயம்புத்தூரில் கெஸியா ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றிருந்தாள். அன்று மத்தியானமே அடைப்பை எடுத்து, ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். வயிற்றுக்குத் தனி மருந்து. கம்பெனி இரண்டு கேள்வி கேட்டது, தனசிங் இரண்டு பக்கம் பதில் எழுதினார். அவருடைய எழுத்து இத்தனை நீளமாக இருந்ததற்கு முதல் தடவையாக ஒருவர் நன்றி சொன்னார், அது கெஸியா. பணம் வந்தது. கையுறைக்கும் பஞ்சுக்கும் மட்டும் தர மாட்டோம் என்றார்கள். மனுஷனின் நெஞ்சைத் திறக்கக் காசு உண்டு, டாக்டர் கையை மூடக் காசு இல்லையா என்று எட்மண்ட் படுக்கையிலிருந்தே கேட்டார். அப்பா தேறிவிட்டார் என்று அப்போதுதான் கெஸியாவுக்கு நம்பிக்கை வந்தது.

தபித்தாளும் ஒரு நாள் பார்க்க வந்தாள். கட்டில் பக்கத்தில் நின்று, சாத்துக்குடிப் பையை வைத்துவிட்டு, சேலை நுனியைத் திருகினாள். எட்மண்ட் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அன்னைக்குப் புல்தரைல நான் அப்படிப் பண்ணியிருக்கக் கூடாதுங்க," என்றார் கடைசியில்.

"பரவாயில்லீங்கண்ணா. மறந்துட்டேன்," என்றாள் தபித்தாள். அவள் மறக்கவில்லை என்பது அவள் உட்காராமலே போனதில் தெரிந்தது. அதற்காக எட்மண்டுக்கு அவள் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

இன்றைக்கும் எட்மண்டுக்கு உலகத்தின் மேல் நல்ல அபிப்பிராயம் கிடையாது. மகளோடு கோயம்புத்தூரில் இருக்கச் சொன்னதற்கு, அந்த வெயிலில் மனிதன் இருப்பானா என்று கேட்டுவிட்டு மலையேறி வந்துவிட்டார். மாதம் ஒரு தடவை செக்கப்புக்குக் கீழே இறங்குகிறார். வரிசை, டோக்கன், வாயைப் பொத்திக்கொள்ளாமல் இருமுகிறவர்கள் எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கிறார். உள்ளே போனதும் கை நீட்டி ரத்தம் கொடுக்கிறார்.

போன மாதம் இருதயப் பிரிவில் ஒரு நர்ஸ் வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"வேற ஏதாவது தொந்தரவு இருக்குங்களா?"

"இருக்கு. எழுதிக்க," என்றார் எட்மண்ட். விடிகாலையில் வருகிற தும்மலிலிருந்து ஆரம்பித்தார். வலது காதில் கேட்கிற ரீங்காரம், முழங்கால், மலச்சிக்கல், கொய்யா விதை மாட்டுகிற பல், குளிரில் மரத்துப் போகிற சுண்டு விரல். நர்ஸ் இரண்டு தடவை பேனாவை மூடினாள்.

"ஐயா, இது ஹார்ட் டிபார்ட்மென்ட்டுங்க. காதெல்லாம் இங்க வேண்டாம்."

"கேட்டீல்ல? அப்ப முழுசா எழுது. பாதிக் கேள்வி கேக்கறதுக்கு எதுக்குச் சம்பளம் வாங்கற?"

கதவுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்த கெஸியா துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். உள்ளே எட்மண்ட் இடது காலுக்கு வந்திருந்தார்.